பாயின் எடையைக் கழித்தது போக

போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். சான் ரமோன் ஆபீஸில் எனக்குக் கீழே வேலை பார்த்த பிள்ளைகள் சேர்ந்து ஒரு பரிசு கொடுத்தார்கள். ஹவாயில் கவாயித் தீவுக்கு டிக்கெட், அங்கே ஹெலிகாப்டரில் ஏறி அருவிகளையும் பள்ளத்தாக்குகளையும் ஒரு சுற்று பார்த்து வர ஒரு சீட்.

"டிராவல் லைன்ல இவ்ளோ வருஷம் இருந்துட்டு நீங்க அங்க போனதே இல்லன்னா யாரு நம்புவா ஆன்ட்டி?" என்று சொல்லி கவிதா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "எல்லாம் ஃபில் பண்ணிட்டேன். ஒரே ஒரு பாக்ஸ்தான் பாக்கி. உங்க வெயிட் சொல்லுங்க."

நான் கேக் வெட்டின கத்தியைக் கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவள் லேப்டாப்போடு அதே இடத்தில் நின்றாள்.

"எல்லாரும் பொய்தான் போடறாங்க ஆன்ட்டி. ஐலண்ட்ல போய் நிறுத்துப் பாத்தா இருபது பவுண்டு ஜாஸ்தி. இன்டர்நெட் இல்லாத காலத்துல நீங்கல்லாம் எப்படி மேனேஜ் பண்ணீங்க?"

கேட்டுவிட்டாள். அதற்குப் பதில்தான் இது. அந்தப் பாக்ஸை நிரப்பும் விஷயத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடியில் பி.காம். முடித்து, கல்யாணம் ஆகி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மில்பிடாஸுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு சர்க்யூட் போர்டு டெஸ்ட் பண்ணும் வேலை. கிரீன் கார்டு வரும்வரை நான் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வந்த வாரமே காதர் பாயின் டிராவல்ஸில் சேர்ந்துவிட்டேன். டிக்கெட் போடும் கம்ப்யூட்டரின் குறியீடுகளைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆனது. என் பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான் உண்டு.

இந்திய மளிகைக் கடைக்கும் ஒரு லாண்டரிக்கும் நடுவில் எங்கள் ஆபீஸ். காதர் பாய்க்குச் சொந்த ஊர் சென்னை மண்ணடி. வெள்ளைச் சட்டை, பையில் இங்க் பேனா, உள்ளே வருகிற யாரையும் முதலில் உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டுத்தான் பேச்சு. மெட்ராஸ் டிக்கெட் விற்றுத்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. ஆனால் பாயின் உயிர் கவாயித் தீவில் இருந்தது. சுவரில் ஒரு பெரிய போஸ்டர். பச்சைப் பாறைச் சுவர் ஒன்று மேகத்துக்குள் ஏறிப்போகும், அதிலிருந்து ஒரு அருவி நூல் மாதிரி இறங்கும். அடியில் மனிதக் கால் படாத பள்ளத்தாக்கு. அங்கே போக ரோடு கிடையாது. ஹெலிகாப்டரில்தான் பார்க்க முடியும்.

"மவுண்ட் ரோட்டுல பதினாலு மாடி பாத்திருக்கீங்கள்ல சார்? அத ஒண்ணு மேல ஒண்ணா எட்டு அடுக்குங்க. அதுக்கும் மேலேருந்து தண்ணி விழுது" என்பார் பாய். சொல்லும்போது எழுந்து நின்று கையை மேலே தூக்கி, விரல்களை ஆட்டிக்கொண்டே தரைவரை கொண்டு வருவார். பார்க்கிறவர்களுக்கு முகத்தில் சாரல் அடிக்கும். அவர் அந்தத் தீவைப் பார்த்ததே இல்லை. நானும் பார்த்ததில்லை. அந்த வெட்கம் எங்கள் இரண்டு பேருக்கும் உண்டு. யாராவது "நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் டீ போடப் போவோம்.

வாடிக்கையாளர்களின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அங்க குளிக்க முடியுமா?" நம் ஆட்களுக்கு அருவி என்றால் தலையைக் கொடுத்து நிற்பதற்குத்தான். விசிட்டர் விசாவில் வந்திருந்த தென்காசிப் பெரியவர் ஒருவர், நல்லெண்ணெய் பாட்டிலும் துண்டுமாக ஹெலிகாப்டர் கவுண்டரில் போய் நின்று, பைலட்டிடம் ஐந்து நிமிஷம் நிறுத்தினால் போதும் என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்வியை நாங்கள் கேட்க வேண்டும். அதுதான் எடை. ஹெலிகாப்டரில் பைலட் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை எடைதான் தீர்மானிக்கும். இலேசான ஆட்களுக்கு முன் சீட். மொத்த எடை ஓர் அளவைத் தாண்டினால் ஒருவரைத் தரையிலேயே விட்டுவிடுவார்கள்.

போனில் கேட்டுப் பார்த்தோம். கணவன்மார் எல்லாரும் மனைவியின் கல்யாண எடையைச் சொன்னார்கள். மனைவிமார், கணவர் பக்கத்தில் இல்லாவிட்டால் மட்டும் சொல்வதாகச் சொன்னார்கள், பக்கத்தில் இல்லாதபோதும் சொல்லவில்லை. தீவிலிருந்து ஹெலிகாப்டர் கம்பெனியின் மேனேஜர் டீனா பேசுவாள். குரல் தேன். அவள் அனுப்பும் ஃபேக்ஸ் தேள். மூன்றாவது ஃபேக்ஸ் வந்த அன்று பாய் ஒரு முடிவுக்கு வந்தார்.

மில்பிடாஸில் மூடிப்போன ஒரு ஃபேக்டரியின் சாமான்களை ஏலம் விட்டார்கள். பாய் அங்கிருந்து மரப்பெட்டிகளை நிறுக்கும் தராசு ஒன்றைப் பிடித்து வந்தார். இரும்பு மேடை, நான்கு பேர் தாராளமாக நிற்கலாம். எடை காட்டுவதற்குச் சுவரில் மாட்டும் பலகை, அதில் சிவப்பு எழுத்தில் எண்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு முழம். பார்க்கிங் லாட்டின் கோடியில் காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.

முதலில் ஏறின அம்மா பலகையைப் பார்த்தார், இறங்கினார், நேரே காருக்குப் போனார். அவருடைய கணவர் எங்களை மன்னிப்புக் கேட்கிற பார்வை பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார். அதன்பிறகு ஒரு மாதம் யாரும் மேடைப் பக்கமே வரவில்லை.

பாய் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாவது நாள் புதுமுறையை அறிவித்தார். இனிமேல் யாரும் தனியாக ஏற வேண்டாம். பெண்கள் ஏறினால் நான் கூடவே ஏறுவேன். ஆண்கள் ஏறினால் பாய் கூடவே ஏறுவார். பலகையில் தெரிவது இரண்டு பேரின் மொத்தம். என் எடை யாருக்கும் தெரியாது என்பதால் கூட வந்த அம்மாவின் எடை அவர் கணவருக்கும் தெரியாது, பார்க்கிங் லாட்டுக்கும் தெரியாது. அப்புறம் நான் என் மேஜைக்குப் போய், என்னைக் கழித்து, மீதியை நோட்டில் எழுதிக்கொள்வேன். ஆண்களுக்குப் பாயைக் கழிக்க வேண்டும். அவர் எடையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார். நூற்று எண்பத்து நான்கு பவுண்டு.

"ஸ்டெல்லாம்மா, எடைங்கிறது அமானிதம். ஒருத்தர் நம்மள நம்பி ஒப்படைக்கிற பொருள். வெளிய விடக்கூடாது, கமென்ட் அடிக்கக்கூடாது. நாளைக்கு மறுமையில கேள்வி இருக்கு" என்றார்.

"என் எடைய நான் யாருக்குமே சொன்னதில்ல பாய். அந்தோணிக்கே தெரியாது."

"எனக்கும் வேணாம். நீயே கழிச்சிக்கோ."

முறை பிரமாதமாக வேலை செய்தது. வெட்கப்பட்டு நின்ற பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஏறினார்கள். சிலர் என்னை ஓரக்கண்ணால் அளந்து பார்த்து மனசுக்குள் கழித்தார்கள். அதற்காகவே நான் வெயில் காலத்திலும் தொளதொளப்பாக ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். மூன்று வருஷம் டீனாவிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. மற்ற ஏஜென்ட்களும் எங்களைப் போலச் செய்யக்கூடாதா என்று ஒருமுறை பாராட்டிக்கூட ஃபேக்ஸ் அனுப்பினாள். பாய் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அப்புறம் ஒரு கோடைக்காலத்தில் மறுபடியும் புகார் ஃபேக்ஸ் வந்தது. உங்கள் ஆண்கள் நீங்கள் எழுதியதைவிட நான்கு பவுண்டு கூடுதலாக இருக்கிறார்கள், கவனியுங்கள். அடுத்த மாதம் ஒன்பது பவுண்டு. அதற்கடுத்த மாதம் பதினைந்து.

முதலில் தராசின் மேல் சந்தேகம். பக்கத்து மளிகைக் கடையிலிருந்து இருபது பவுண்டு அரிசி மூட்டை ஐந்தைக் கடன் வாங்கி மேடையில் அடுக்கினோம். பலகையில் நூறு வந்து நின்றது. அடுத்து பாய் தீவின் ஹோட்டல் காலைச் சாப்பாட்டைச் சந்தேகித்தார். காசு கொடுத்துவிட்டோம் என்று நம் ஆட்கள் விடாமல் சாப்பிடுகிறார்கள், மூன்று நாளில் பதினைந்து பவுண்டு ஏறாமல் என்ன செய்யும் என்றார். 'ஆண்கள் கவனத்திற்கு: ஹெலிகாப்டர் ஏறும் வரை அளவோடு சாப்பிடவும்' என்று தன் கையால் எழுதி ஒவ்வொரு டிக்கெட் கவரிலும் வைத்தார். சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர் பயந்துபோய் மூன்று நாளும் பப்பாளிப்பழம் மட்டும் தின்றார். அவரும் பதினைந்து கூடுதல்.

பிறகு பாக்கெட். சாவிக்கொத்து, பர்ஸ், கேமரா, சில்லறை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத் தீவின் தராசில் ஏறச் சொன்னோம். பெல்ட்டையும் கழற்றச் சொன்னது பாயின் யோசனை. கவுண்டரில் ஒருவருடைய பேன்ட் இறங்கிவிட்டது என்று டீனா போன் பண்ணிச் சொன்னாள். அன்று அவள் குரலில் தேன் இல்லை.

கடைசியில் நடக்கக்கூடாதது நடந்தது. சான் ரமோன் ராமநாதன் சார், கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம் என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். ஆறு சீட்டில் நான்கு ஆண்கள், நான்கு பேரும் எங்கள் ஆட்கள், எல்லாருமே கூடுதல். ஹெலிகாப்டர் தாங்காது என்று ராமநாதன் சாரை இறக்கிவிட்டார்கள். அவர் வீடியோ கேமராவும் கையுமாகப் பார்க்கிங் லாட்டில் நிற்க, அவர் மனைவி தனியாகப் போய் எல்லா அருவிகளையும் பார்த்து வந்தார். திரும்பி வந்து, இருபத்தைந்து வருஷத்தில் இப்படி ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்ததில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். ராமநாதன் சார் எங்கள் ஆபீஸுக்கு வந்து, இதற்கு நாங்கள்தான் பொறுப்பு என்று கத்தினார். டீனாவின் ஃபேக்ஸில் ஒரே வரி. இன்னொரு முறை இப்படி ஆனால் உங்கள் புக்கிங் எதையும் ஏற்க மாட்டோம்.

பாய் அந்த ஃபேக்ஸைப் படித்துவிட்டு ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அந்த நாட்களில் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். மேஜைக்குப் பக்கத்தில் பாட்டில்கள் வரிசையாக நிற்கும், அரை மணிக்கொரு தரம் எழுந்து பின்பக்கம் போவார். ஸ்டேப்ளரின் முனையால் பெல்ட்டில் புது ஓட்டை குத்திக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். "ஸ்லிம் ஆயிட்டீங்க பாய்" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அவரும், காலையில் நடக்கிறேன் என்று சட்டையை நீவி விட்டுக்கொள்வார். எனக்கு அதெல்லாம் கண்ணில்தான் பட்டது, புத்தியில் படவில்லை. ஹெலிகாப்டர்காரியைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். அந்தோணி எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். பிரபு என்ற பையன், புதுசாகக் கல்யாணம் ஆனவன், அவசரமாக எடை பார்க்க வேண்டும் என்று வந்து நின்றான். பாய் இல்லாததால் அந்தோணியை அவனோடு ஏற்றினேன். அந்தோணியின் எடை எனக்குத் தெரியும், அவர் எதையும் மறைக்கிற ஆள் இல்லை.

பத்து நாள் கழித்து டீனாவின் பட்டியல் வந்தது. அந்த வாரம் போன ஆண்கள் எல்லாரும் இருபத்தாறு பவுண்டு கூடுதல். பிரபு மட்டும் சரியாக இருந்தான். பெண்கள் எப்போதும்போலச் சரி.

அந்தக் காகிதத்தை என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். ஆண்கள் யாரும் எடை கூடவில்லை. பப்பாளி தின்றவரும் கூடவில்லை. நான் ஒவ்வொருவரிடமிருந்தும் நூற்று எண்பத்து நான்கைக் கழித்துக்கொண்டிருந்தேன், ஆனால் அவர்களோடு மேடையில் ஏறி நின்றவர் அவ்வளவு எடை இல்லை. எங்கள் பெரியப்பா இப்படித்தான் தண்ணீர் குடித்துக் குடித்து இளைத்து, ஒரு நாள் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் விழுந்து எழுந்திருக்கவே இல்லை.

"பாய், நீங்க ஒரு தடவ தனியா ஏறிப் பாருங்க" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மா பாய்."

"தனியா யாரும் ஏறக்கூடாதுன்னு நான்தானம்மா ரூல் போட்டேன். நானே மீறினா எப்படி?"

"அப்ப டாக்டர்கிட்டயாவது போங்க. நீங்க ரொம்ப எளச்சிட்டீங்க."

அவர் முகம் மாறியது. "பாத்தியா, கமென்ட் அடிக்கிற. அதான் கூடாதுன்னு சொன்னேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்திய ஒரே தடவை அதுதான். பிறகு குரல் இறங்கியது. "டாக்டர்கிட்ட போனா ஏதாவது சொல்லுவான். நான் நல்லாத்தான் இருக்கேன். நூத்தி எம்பத்தி நாலு."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "சரி, ரூல்படியே வச்சிக்கலாம். நான் உங்ககூட ஏறறேன்" என்றேன்.

அவர் திடுக்கிட்டார். ஆண்களோடு நான் ஏறுவதோ பெண்களோடு அவர் ஏறுவதோ எங்கள் முறையில் கிடையாது. நான் அந்தோணிக்குப் போன் பண்ணி வரச் சொன்னேன். ஆபீஸ் கதவைச் சாத்தக்கூடாது என்றார் பாய், அது மரியாதை இல்லை. திறந்து வைத்தால் எண்கள் பார்க்கிங் லாட்டுக்குத் தெரியும். கடைசியில் கதவு திறந்தே இருக்க, அந்தோணி அதை அடைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நிற்பது என்று முடிவானது.

"திரும்பக்கூடாது" என்றேன் அந்தோணியிடம்.

"எவ்ளோ நேரம்?"

"சொல்ற வரைக்கும்."

நாங்கள் இருவரும் ஏறினோம். மேடையின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர். பலகையில் மொத்தம் வந்தது. அது என்ன எண் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் கழித்துவிடுவீர்கள்.

பாய் உதடு அசையக் கழித்தார். அவர் முகம் மலர்ந்தது. "ஏம்மா, இவ்ளோதானா நீ? ஒழுங்கா சாப்பிடறதே இல்லயா?" என்றார். அவருக்கு நிஜமாகவே என் மேல் கவலை வந்துவிட்டது.

நான் அந்தோணியின் முதுகைப் பார்த்தேன். அப்புறம் பாயின் பக்கம் சாய்ந்து, என் அம்மாவுக்கும் தெரியாத என் எடையை, ரகசியக் குரலில் அவருக்குச் சொன்னேன்.

அவர் மறுபடியும் கழித்தார். இன்னொரு தடவை கழித்தார். பிறகு அப்படியே மேடையின் மேல் உட்கார்ந்துவிட்டார். பயந்துபோய் நான் இறங்கி அவருக்குத் தண்ணீர் எடுக்க ஓடினேன். நான் இறங்கியதும் சுவரில் எண்கள் ஓடி, பாய் மட்டும் தனியாகத் தெரிந்தார். நூற்று ஐம்பத்தெட்டு.

"என்னாச்சு? திரும்பலாமா?" என்றார் அந்தோணி.

"வேணாம் அந்தோணி" என்றார் பாய்.

அன்று மாலையே அவரை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனோம். சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் மயக்கத்திலேயே போயிருப்பார் என்று டாக்டர் அவர் மனைவி ஜுபைதா அக்காவிடம் சொன்னார். ஒரு வாரம் ஆஸ்பத்திரி, பிறகு இன்சுலின் ஊசி. டீனாவுக்கு நான் போன் பண்ணி எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, உங்கள் ஆபீஸில் சாதாரண பாத்ரூம் தராசு ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்டாள்.

பாய் எழுந்து நடமாடத் தொடங்கியதும் முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டார். "ஸ்டெல்லாம்மா, எனக்கு கவாயிக்கு ஒரு சீட் போடு. உடனே."

"இப்பத்தானே பாய் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தீங்க?"

"டாக்டர் எடை ஏத்தச் சொல்றான். ஏறிடுச்சுன்னா முன் சீட் கிடைக்காது."

டாக்டரின் அனுமதியோடு, ஜுபைதா அக்காவோடு போனார். கவுண்டரில் எல்லார் முன்னாலும் தனியாக ஏறி நின்றார் என்று அக்கா சொன்னார். அன்று மதியம் எனக்குத் தீவிலிருந்து போன் வந்தது. பாய்தான்.

"பாய், அருவி பாத்தீங்களா?"

"ஸ்டெல்லாம்மா" என்றார். "நாம யாருகிட்டயும் பொய் சொல்லலம்மா. நான் கைய ஆட்டிச் சொன்னதெல்லாம் அப்படியே இருக்கு."

போனை வைத்துவிட்டு நான் ஆபீஸில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

அதன்பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாயின் எடையைத் தனியாகப் பார்த்து நோட்டில் எழுதினோம். நூற்று எழுபதில் வந்து நிலைத்தது. இணையத்தில் ஆளாளுக்கு டிக்கெட் போட ஆரம்பித்ததும் இரண்டாயிரத்து ஒன்றில் அவர் ஆபீஸை மூடினார். நான் சான் ரமோனுக்கு வேலை மாறினேன். போன வருஷம் பாய் தூக்கத்திலேயே இறந்துபோனார். ஊசி போட்டுக்கொண்டு இருபத்தைந்து வருஷம் வாழ்ந்துவிட்டார். ஜனாஸாவுக்கு நானும் அந்தோணியும் போயிருந்தோம். ஜுபைதா அக்கா என் கையைப் பிடித்து விடவே இல்லை.

"உன்னைப் பத்திப் பேசாத நாளில்ல ஸ்டெல்லா. ஆனா அன்னிக்கு ஆபீஸ்ல அப்படி என்னதான் நடந்துச்சு, நீ எப்படி அவர வழிக்குக் கொண்டாந்தேன்னு கேட்டா மட்டும் வாயே தொறக்க மாட்டாரு. அது ஸ்டெல்லாவோட அமானிதம், ஒனக்கு சொல்ல முடியாதும்பாரு. கடைசி வரைக்கும் சொல்லல."

கவிதா, அந்தப் பாக்ஸில் எண்ணைப் போட்டுவிட்டேன். நிஜமான எண்தான். நீ பார்க்காமல் அனுப்பிவிடு.